தேன்மொழி என்று அவன் வைத்த பெயர்

பாக்யலட்சுமி அந்தத் தொடர்கதையைப் படிக்க ஆரம்பித்த நாட்களில், அதில் வரும் தேன்மொழியை அவளுக்கு அறவே பிடிக்கவில்லை.

போனில் கதை படிக்கும் செயலி ஒன்றில் அது வந்துகொண்டிருந்தது. ‘ஊசிக்காதில் ஒரு நிலவு’ என்று தலைப்பு. எழுதியவர் பெயர் மௌனப்ரியன். கதையைச் சொல்கிறவன் ‘நான், நான்’ என்றே சொல்லிக்கொண்டு போவான். ஒரு ஷூ கம்பெனியில் அவனுக்கு வேலை. அங்கே தைக்கிற தேன்மொழி மேல் உயிரையே வைத்திருந்தான். அவளோ இன்றைக்குப் பார்வையால் ஆசை காட்டுவாள், நாளைக்கு யாரோ போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அவன் சாப்பிடாமல் கிடப்பான், அழுவான், மறுபடி அவள் வரும் வழியில் போய் நிற்பான்.

பாக்யமும் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைன். பக்கத்து மிஷினில் மஹ்பூபி. சாப்பாட்டு இடைவேளையில் இருவரும் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு படிப்பார்கள். நம்ம மாதிரி ஜனங்களைப் பற்றியும் ஒருத்தர் எழுதுகிறாரே என்று பாக்யத்துக்குச் சந்தோஷம். ஒருநாள் மனசு தாங்காமல் கதைக்குக் கீழே கருத்தும் போட்டாள்: “பாவம் சார் உங்க ஹீரோ. அந்தப் பொம்பளைக்கு நெஞ்சே இல்ல. ஒரு நாள் பட்டாதான் அவளுக்குப் புரியும்.” அதற்கு விழுந்த இதயக் குறிகளைப் பார்த்து மஹ்பூபி, “உனக்கே இவ்ளோ ஃபேன்ஸா” என்று கேலி செய்தாள்.

சின்ன வயதிலிருந்தே கதை என்றால் பாக்யத்துக்குச் சோறு வேண்டாம். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அப்பா, பழைய பேப்பர் கடையிலிருந்து அட்டை கிழிந்த மாத நாவல்களைக் கொண்டுவந்து போடுவார். ஒருத்தியை நினைத்து நினைத்து உருகி, குடித்து, தாடி வளர்த்து அழியும் ஆண்கள் அதில் நிறைய வருவார்கள். எல்லோருக்காகவும் பாக்யம் அழுதிருக்கிறாள். அந்த ஒருத்தி என்ன நினைத்தாள் என்று கேட்கத் தோன்றியதில்லை. கேட்டாலும் அந்தப் புத்தகங்களில் பதில் இருந்திருக்காது.

பத்தொன்பது வயதில் கல்யாணம். புருஷன் லோகநாதன் லாரி ஓட்டினான். மகள் யாழினி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், ஓசூரில் இன்னொருத்தியோடு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். போவதற்கு முன்னால் ஊரில் ஒரு கதையை விட்டுவிட்டுப் போனான். அவளுக்கு வாய் ஜாஸ்தி, வீடு தங்க மாட்டாள், எத்தனை நாள்தான் பொறுப்பது என்று. டீக்கடையில் சொன்னான், பங்காளி வீட்டில் சொன்னான், கண் கலங்கிக்கொண்டே சொன்னான். மாமியார் வீட்டார் நம்பினார்கள். சொந்த அத்தையே, “கொஞ்சம் அனுசரிச்சிப் போயிருக்கலாம்டி” என்றாள். வீடு வீடாகப் போய் மறுத்துச் சொல்ல பாக்யத்துக்கு நேரமும் இல்லை, மனசும் இல்லை. மாதனூருக்கு உள்ளே தள்ளி ஒரு வாடகை வீடு பார்த்துக்கொண்டு, கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்து மகளை வளர்த்தாள்.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு புதன்கிழமை, கேன்டீனில் மஹ்பூபி புதிய அத்தியாயத்தைத் திறந்தாள்.

“மழையில் கம்பெனி பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினோம். என் எதிரில் வந்ததும் அவள் வேண்டுமென்றே சாப்பாட்டுப் பையை நழுவவிட்டாள். எலுமிச்சைச் சாதம் மண்ணில் சிதறியது. மஞ்சள் பையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிய விரல்கள் என் விரல்களை விட்டுப் போக மனமில்லாமல் தயங்கின. பஸ் கிளம்பியதும் என் தோளில் சாய்ந்து கண்மூடினாள்.”

மஹ்பூபி படிப்பதை நிறுத்தினாள். பெஞ்சில் பாக்யத்தின் மஞ்சள் பை இருந்தது. பிடி அறுந்து, வேறு நிறத் துணி வைத்துத் தைத்த பை.

“பாக்யம். இது நம்ம பஸ்ஸு.”

போன மாசம் பஸ் பஞ்சரானது. மழை பெய்தது. பையின் பிடி அறுந்து டப்பா உருண்டது. எடுத்துக் கொடுத்தவர், வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸ் கோபி சார். பைக் ரிப்பேர் என்று அன்றைக்கு ஒருநாள் மட்டும் பஸ்ஸில் வந்திருந்தார். “தேங்க்ஸ் சார்” என்றாள், அவ்வளவுதான். வழி நெடுக அவர் டிரைவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாக்யம் பின்சீட்டில் மஹ்பூபியோடு உட்கார்ந்திருந்தாள்.

கோபி சத்தம் போட்டுப் பேசாத மனுஷன். நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று, இஸ்திரி போட்ட சட்டை. துப்புரவு வேலை செய்கிறவர்களைக்கூட ‘மேடம்’ என்பான். அவனைப் போய்த் தப்பாக நினைக்க யாருக்கும் மனசு வராது.

அன்று சாயங்காலம் யாழினி படித்துக்கொண்டிருக்க, பாக்யம் சுவரில் சாய்ந்து அந்தக் கதையை முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி படித்தாள். இந்தமுறை அவனோடு போகவில்லை, தேன்மொழியோடு போனாள். ‘என்னைக் கண்டதும் நாணத்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்’ என்று ஓரிடத்தில் இருந்தது. அது வேலூர் ஆஸ்பத்திரியில் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டு வந்த மறுநாள். வாய் வீங்கிக் கிடந்தது. ‘என் பிறந்தநாள் அறிந்து எனக்குப் பிடித்த பச்சைப் புடவையில் வந்தாள்’ என்று இன்னோரிடம். அது ஆயுத பூஜை. லைனே பேசி வைத்துக்கொண்டு பச்சை கட்டியது. ‘ஜன்னல் வழியே என்னையே பார்த்தபடி நின்றாள்.’ அவள் பார்த்தது, டைம் ஆபீஸில் அவன் தலைக்கு மேல் மாட்டியிருந்த கடிகாரத்தை.

ஒவ்வொன்றும் நடந்ததுதான். எதுவும் அவன் சொன்னபடி நடக்கவில்லை.

கருத்துகளையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். “இவளுங்கள விடக்கூடாது ப்ரோ.” “ஆம்பளை மனசோட விளையாடறவளுக்கு முடிவு கொடூரமா இருக்கணும்.” நடுவே, எல்லாவற்றையும்விட அதிக இதயங்களோடு, அவளே எழுதியது: ஒரு நாள் பட்டாதான் அவளுக்குப் புரியும்.

அவள் அதை அழித்தாள். அழித்ததால் ஒன்றும் குறையவில்லை.

மறுநாள் டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் போனாள்.

“சார், கதை எழுதறது நீங்களா?”

கோபி பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தான். முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. “படிக்கிறீங்களா மேடம்?”

“அதுல வர்றது நானா?”

“கதைதானே மேடம். எல்லாம் கற்பனை.”

“கற்பனைன்னா என் பையி, என் சோறு எல்லாம் எப்படி சார் அதுல வந்திச்சி? எடுத்துருங்க. எனக்குப் பொண்ணு கீது.”

அவன் சிரித்தபடி தலையாட்டினான். சரி என்கிறானா, வேறு எதற்கோ ஆட்டுகிறானா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை வந்த அத்தியாயம் இப்படித் தொடங்கியது: “கடைசியில் அவளே என்னைத் தேடி வந்தாள். ‘அது நானா?’ என்று கேட்டபோது குரல் நடுங்கியது. இத்தனை நாளும் என் ஒவ்வொரு வரியையும் ஒளிந்திருந்து படித்திருக்கிறாள். எடுத்துவிடச் சொன்னாள். உலகுக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம். அச்சம் இருக்கும் இடத்தில்தானே காதலும் இருக்கிறது.”

பாக்யம் அப்போதுதான் நிஜமாகப் பயந்தாள். கோபத்தோடு போய் நின்றதைக் காதல் என்று எழுதிவிட்டான். கருத்து எழுதிப் பார்த்தாள். தேன்மொழியின் லைனில்தான் நானும் இருக்கிறேன், நடந்தது வேறு என்று. அதை அவன் அழித்துவிட்டு, ‘அவள் எனக்கு ரகசியமாகக் கடிதம் எழுதுகிறாள்’ என்று அடுத்த அத்தியாயத்தில் சேர்த்தான். பேசாமல் இருந்து பார்த்தாள். ‘அவள் மௌனம் என்னைத் தண்டிக்கிறது’ என்று எழுதினான். அவள் என்ன செய்தாலும் அது அவன் கதைக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

லைனில் பேச்சு மாறியது. தையல் மிஷின் மெக்கானிக் ஒருவன், “இன்னா தேன்மொழி, ஊசி உடைஞ்சிபோச்சா?” என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். சிலர் அடக்கவும் இல்லை.

வெல்ஃபேர் ஆபீசர் அம்பிகா மேடத்திடம் போய்ச் சொன்னாள். மேடம் போனை வாங்கி இரண்டு அத்தியாயம் படித்தார்.

“கம்பெனி பேர் இல்ல, உன் பேர் இல்ல. நீயா போய் நான்தான் தேன்மொழின்னு சொன்னா, நம்பாதவனும் நம்புவான். யோசிச்சுக்கோம்மா.”

“அப்போ இன்னா பண்றது மேடம்?”

“படிக்காம விட்டுடு.”

அவள் படிக்காமல் விட்டாலும் ஊர் படித்தது. அவன் இதுவரை கையைப் பிடிக்கவில்லை, தகாத ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன புகார் சொல்வது என்று யோசித்தபோது சொல்ல ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் கதையில் வரும் ‘நான்’ மாறிக்கொண்டே வந்தான். முன்பு அழுதவன் இப்போது அழவில்லை. தேன்மொழி தண்டவாளத்தைத் தாண்டி வீட்டுக்கு நடக்கும் குறுக்குவழியை வர்ணித்தான். அங்கே எந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது என்பதையும் வர்ணித்தான். “அவளுக்கு ஒரு முடிவு வைத்திருக்கிறேன். அவளே கேட்டு வாங்கிய முடிவு” என்று எழுதினான். பாக்யம் அந்த வழியை விட்டுவிட்டு ரோட்டோடு சுற்றிப் போக ஆரம்பித்தாள். அடுத்த அத்தியாயத்தில் தேன்மொழியும் சுற்றிப் போனாள்.

அதற்கடுத்த அத்தியாயத்தில் பள்ளிக்கூட வாசல் வந்தது. “தேன்மொழியின் மகள் அம்மாவைப் போலவே இரட்டைச் சுழிக்காரி. பேர் கேட்டேன், சொன்னாள். தாயின் துரோகம் அந்தப் பிஞ்சுக்குத் தெரியாது.”

பாக்யம் போனைத் தரையில் வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள். “யாழினி, ஸ்கூலாண்ட யாராவது உன் பேரு கேட்டாங்களா?”

“ஆமாம்மா. அம்மா கம்பெனில வேலை செய்றேன்னு ஒரு அங்கிள் சொன்னாரு. நல்லா பேசினாரு. ஏன்?”

“ஒண்ணுமில்ல. நாளைலேர்ந்து தனியா வராத. டியூஷன் பசங்களோட சேர்ந்து வா.”

மறுநாள் காலை கம்பெனி பஸ் மாதனூரைத் தாண்டியதும் பாக்யம் எழுந்து நடுவில் வந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாருக்கும் தெரியும், என்னப் பத்தி ஒரு கதை ஓடுது. நான்தான் அதுன்னு நானே சொல்றேன். மஹ்பூபி, அந்தப் பஸ்ஸு பஞ்சரானத படி.”

மஹ்பூபி உரக்கப் படித்தாள். தோளில் சாய்ந்து கண்மூடினாள் என்ற இடம் வந்ததும் பின்னாலிருந்து சுந்தரி என்ற பெரியவள், “நிறுத்து, நிறுத்து” என்றாள். “அன்னைக்கு நான் இங்கதான கீறேன். அந்த ஆளு டிரைவராண்ட நின்னுனு வந்தான். இவ என் பக்கத்துல குந்தினு தக்காளிச் சாதம் குடுன்னு என் டப்பாவுல கைய வெச்சா. எங்க சாய்ஞ்சா?”

பஸ் சிரித்தது. மஹ்பூபி அடுத்ததைப் படித்தாள். பச்சைப் புடவை வந்ததும் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். பல் வலியை நாணம் என்று எழுதிய இடம் வந்தது. அன்றைக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவள் முன் சீட்டில் இருந்தாள். எல்லா இடத்திலும் யாராவது ஒருத்தி கூட இருந்திருந்தாள். அவன் கதையில்தான் தேன்மொழி எப்போதும் தனியாக இருந்தாள்.

பள்ளிக்கூட வாசலைப் படித்தபோது சிரிப்பு நின்றது. வீட்டில் பெண்பிள்ளை இல்லாதவர்கள் அந்தப் பஸ்ஸில் கம்மி. பஸ் கம்பெனி கேட்டில் போய் நின்றது.

இறங்கியவர்கள் லைனுக்குப் போகவில்லை. பாக்யத்தின் பின்னால் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார்கள். கோபி அட்டெண்டன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சார், அன்னைக்கு நான் உங்க தோள்ல சாய்ஞ்சனா? இவங்க எல்லாம் அந்த பஸ்ஸுலதான் வந்தாங்க. இவங்க முன்னாடி சொல்லுங்க.”

“மேடம், இது கதை. கதையப் போய்…”

“கதைன்னா, என் பொண்ணு ஸ்கூல் வாசல்ல உங்களுக்கு இன்னா வேலை?”

எழுத்தில் அத்தனை பேசுகிறவனுக்கு அந்த ஜன்னலுக்குள் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பாக்யத்தை அவன் பார்த்த பார்வையில் வெட்கம் இல்லை. தன் சொத்தை யாரோ எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்கிறவனின் பார்வை. அதை அவளால் பிறகு வெகுநாள் மறக்க முடியவில்லை.

லைன் ஓடாமல் நின்றால் மேலிடத்துக்குச் செய்தி போகாமல் இருக்காது. மேனேஜர் வந்தார், அம்பிகா மேடம் வந்தார். யாழினி சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்த வாரக் கடைசிக்குள் கோபி வேலையை விட்டுப் போய்விட்டான். அவனே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதாகத்தான் கம்பெனி சொன்னது.

கடைசி அத்தியாயம் வந்தது. ஊர்ப் பெண்களையெல்லாம் தூண்டிவிட்டு, உண்மையாகக் காதலித்த ஒருவனைத் தேன்மொழி நடுத்தெருவில் நிறுத்தி அவமானப்படுத்துகிறாள். பிறகு குற்றவுணர்வு தாங்காமல் தண்டவாளத்தில் போய் நிற்கிறாள். ரயில் வருகிறது. ‘நான்’ அவள் உடம்பை மடியில் போட்டுக்கொண்டு மன்னிக்கிறான்.

பாக்யம் அதை மிஷின் முன்னால் உட்கார்ந்து படித்தாள். ஆயிரக்கணக்கானோர் அழுதிருந்தார்கள். ஒரு பெண் எழுதியிருந்தாள்: “அவ செத்ததுக்கு எனக்கு வருத்தமே இல்ல, அவரை நினைச்சாத்தான் அழுகை வருது.” அவளைத் திட்டத் தோன்றவில்லை. பாக்யம் போனை அணைத்துவிட்டு, காத்துக்கிடந்த தோலை ஊசிக்கடியில் தள்ளினாள்.

அதற்குப் பிறகும் அவள் தண்டவாளத்துப் பக்கம் போகவில்லை. பைக் எதுவாவது பின்னால் வேகம் குறைத்தால் நின்று, அது தாண்டிப் போன பிறகே நடந்தாள்.

மூன்று நான்கு மாசம் போயிருக்கும். ஒருநாள் மஹ்பூபி சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே போனை நீட்டினாள். “அந்த பேஜாரு புடிச்சவன் மறுபடி ஆரம்பிச்சிட்டான்.”

அதே மௌனப்ரியன், புதிய தொடர். இந்தமுறை அவளுக்கு நிலவழகி என்று பெயர். சத்துவாச்சாரியில் ஸ்கேன் சென்டர் ஒன்றில் வேலை. “வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு சர்வீஸ் ரோட்டு நிறுத்தத்தில் நிற்பாள். பஸ் வரும்வரை வலது காலைச் செருப்பிலிருந்து விடுவித்து, இடது பாதத்தின்மேல் வைத்துக்கொள்வாள். நான் எதிரில் இருக்கிறேன் என்று அறிந்தே செய்கிற சைகை அது. எனக்கு மட்டுமே புரிந்த பாஷை.”

“இன்னா பண்ணப்போற?” என்றாள் மஹ்பூபி.

“அவளுக்குத் தெரியாதில்ல.”

“அதுக்கு? எவளோ ஒருத்தி. உனக்கு இன்னா வந்திச்சி?”

பாக்யம் வாரம் முழுக்க யோசித்தாள். தேன்மொழி யாரென்று தெரிவதற்கு முன்னால், அவளுக்கு ஒரு முடிவு வரவேண்டும் என்று தானும்தான் ஆசைப்பட்டோம் என்ற நினைப்பு அவளை விடவில்லை. சனிக்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு வேலூர் பஸ் ஏறினாள்.

சத்துவாச்சாரியில் இறங்கி சர்வீஸ் ரோட்டோடு நடந்தாள். முதல் நிறுத்தத்தில் காலேஜ் பிள்ளைகள் நின்றார்கள். அடுத்ததில் காத்திருந்து காத்திருந்து வெயில் சாய்ந்தது. வீண் அலைச்சல் என்று திரும்ப நினைத்த நேரத்தில், கறுப்பு புர்கா போட்ட ஒரு பெண் கையில் வெள்ளைக் கோட்டு மடித்துத் தொங்க வந்து நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். களைத்த முகம். நின்ற கொஞ்ச நேரத்தில் வலது காலைச் செருப்பிலிருந்து எடுத்து இடது பாதத்தின்மேல் வைத்துக்கொண்டாள்.

பாக்யம் கிட்டே போனாள். குதிகாலுக்கு மேல் தோல் உரிந்து சிவந்திருந்தது.

“செருப்பு கடிக்குதாம்மா?”

அந்தப் பெண் திடுக்கிட்டுப் பார்த்து, பிறகு சிரித்தாள். “ஆமாக்கா. புதுசு. நாள் பூரா நின்னுட்டே வேலை.”

“உன் பேரு இன்னா?”

“உமைமா.” சொல்லிவிட்டு, ஏன் கேட்கிறாள் என்பதுபோல் பார்த்தாள்.

“கோபின்னு யாராவது உங்க சென்டர்ல கீறாரா? ரொம்ப மரியாதையா பேசுவாரு.”

“பில்லிங்ல இருக்காரே. நல்ல மனுஷன்க்கா. எல்லாரையும் மேடம்னுதான் கூப்பிடுவாரு. உங்களுக்குச் சொந்தமா?”

ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையை ஒட்டி ஒரு பைக் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் அதன்மேல் உட்கார்ந்திருந்தான். யாரென்று தெரியவில்லை. யாராகவும் இருக்கலாம். பாக்யம் ஒரு அடி நகர்ந்து, அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“சொந்தமில்லம்மா. என் பேரு பாக்யலட்சுமி, ஆம்பூர்லேர்ந்து வர்றேன். உன்னைத் தேடித்தான் வந்தேன். உன் கூட வேலை செய்ற பொண்ணுங்க இப்ப யாராவது உள்ள கீறாங்களா?”

உமைமாவின் முகத்தில் சிரிப்பு மெல்ல இறங்கியது. “இருக்காங்க. ஏன்க்கா?”

“வா, அவங்களையும் வெச்சிக்கினு சொல்றேன்.”

பஸ் வந்து நின்றது. உமைமா அதையும் பாக்யத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள். பாக்யம் அவளுக்கு ரோட்டுப் பக்கமாக நடந்தாள். பின்னால் ஒரு பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.